ஐந்து சாம்பலில் ஒரு முகம்

வடசென்னையில் கல்மண்டபம் பக்கம் நான் வேலை பார்த்த ஃபிளெக்ஸ் கடைக்கு ஒரு பையன் வாக்காளர் அட்டையோடு வந்தான். அவனுடைய ஆயா, அதாவது பாட்டி, இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. முப்பதாம் நாளுக்குப் பேனர் வேண்டும். அட்டையில் இருந்த படமோ கட்டைவிரல் நகம் அளவு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. டேப்லெட்டில் அப்போதுதான் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரில், "வரைஞ்சே குடுத்துடறேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று இரவு உட்கார்ந்தேன். புருவத்தில் நரைத்த முடி, மூக்குத்திக் கல், கழுத்துச் சுருக்கம் எதையும் விடவில்லை. பையன் வந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லா கீதுண்ணா. ஆனா எங்க ஆயா மாரி இல்ல" என்றான்.

அவன் போன பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். நெற்றி, கன்னம், கழுத்து, புடவை எல்லாம் கரைத்துவைத்த கூழ் மாதிரி ஒரே சாம்பல். முடி மட்டும் தனியாகக் கறுப்பாக, தொப்பி வைத்ததுபோல் நின்றது. நிறங்கள் மேல் இவ்வளவு நேரம் செலவழித்தவன், எது வெளிச்சம் எது இருள் என்று ஒரு நிமிடம்கூட முடிவு செய்யவில்லை.

டிஜிட்டலில் முகம் வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். இந்தக் கட்டுரை நீங்கள் அந்த மூன்று இரவை மிச்சம் பிடிப்பதற்காக.

கருவி: இருப்பதே போதும்

வரையும் மென்பொருள்களில் கிரிட்டா இலவசம், கணினியிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஐபிஸ் பெயிண்ட் போதும். ஃபோட்டோஷாப், புரோகிரியேட் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யுங்கள். கீழே சொல்வதில் பெரும்பாலானவை எல்லாவற்றிலும் நடக்கும். திரையில்லாத சாதாரண பேனா டேப்லெட் தாராளம். முதல் பயிற்சிகளை விரலால்கூடச் செய்யலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. போனில் இரவு நேர மஞ்சள் திரையும், வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கும். வரையும்போது இரண்டையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் கை வைக்காமலேயே திரை மங்கினால், எது இருட்டு என்று உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

படி 1: வேல்யூ என்றால் என்ன

ஒரு நிறத்தை மூன்று கேள்விகளால் பிடித்துவிடலாம். என்ன நிறம்? எவ்வளவு அழுத்தம்? எவ்வளவு வெளிச்சம்? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் வேல்யூ. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து அளவு கொடுத்தார். அவர் கணக்கில் முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10. கணினியில் அதே ஏணி 0 முதல் 255 வரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிறம் எடுக்கும் பெட்டியில் எச்.எஸ்.வி. (சில மென்பொருளில் எச்.எஸ்.பி.) என்று மூன்று பட்டைகள் இருக்கும். கடைசி 'வி' வேல்யூவைத்தான் குறிக்கிறது. ஆனால் அது ஓவியர் சொல்லும் வேல்யூ இல்லை. சந்தேகம் இருந்தால் ஆட்டோ மஞ்சள் ஒரு கட்டம், படகு நீலம் ஒரு கட்டம், இரண்டையும் முழு அழுத்தத்தில் போடுங்கள். 'வி' இரண்டுக்கும் 100 என்றே காட்டும். அதையே கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் மஞ்சள் ஏறக்குறைய வெள்ளையாகும், நீலம் கரி போல் ஆகிவிடும். கண்ணின் வெளிச்ச உணர்வைக் கணக்கில் எடுக்கும் அளவில், 100க்குத் தூய மஞ்சள் 97, பச்சை 88, சிவப்பு 53, நீலம் 32. நம் கண் பச்சைக்கு அதிகம் விழித்துக்கொள்கிறது, நீலத்துக்கு ரொம்பச் சோம்பல். திரையின் வெளிச்சத்தைக் கணக்கிடும் சூத்திரத்திலும் பச்சைக்கு 71 சதவீதத்துக்கு மேல் பங்கு. நீலத்துக்கு 7 சதவீதம்தான்.

அதனால் எண்ணை நம்பாதீர்கள், சாம்பலாக்கிப் பாருங்கள். எப்படி என்பதைப் படி 6இல் சொல்கிறேன்.

படி 2: ஐந்து சாம்பல் செய்துகொள்ளுங்கள்

ஒரு புதிய கேன்வாஸ் திறந்து ஓரமாக ஐந்து கட்டம் போடுங்கள். ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றிலும் ஒரே எண்ணை இட்டால் சாம்பல் கிடைக்கும். நான் தொடங்கும் எண்கள் 25, 70, 115, 170, 235. சட்டம் எதுவும் இல்லை, உங்கள் கண்ணுக்கு ஐந்தும் சமதூரப் படிக்கட்டாகத் தெரிந்தால் சரி.

முதல் இரண்டு, அதாவது 25உம் 70உம், நிழல் வீட்டார். மற்ற மூன்றும் வெளிச்ச வீட்டார். ஒரே பொருளில் நிழல் வீட்டில் எவ்வளவு வெளுத்த ஆளாக இருந்தாலும், வெளிச்ச வீட்டின் கறுத்த ஆளைவிட இருட்டாகத்தான் இருக்க வேண்டும். முக ஓவியம் பாழாவதில் பாதி இந்த எல்லையைத் தாண்டுவதால்தான். தாடைக்குக் கீழே தெரியும் லேசான பளபளப்பைப் பார்த்துவிட்டு ஆசையாக வெள்ளையைப் பூசுவோம். உடனே கழுத்து முன்னால் வந்துவிடும், தாடை காணாமல் போகும்.

'ஒரே பொருளில்' என்று சொன்னேன், கவனியுங்கள். வெள்ளை வேட்டியின் நிழல் 120 ஆக இருக்கலாம், அதைக் கட்டியிருப்பவரின் வெயில் பட்ட கன்னம் 100 ஆக இருக்கலாம். துணிக்கு ஒரு கணக்கு, தோலுக்கு ஒரு கணக்கு.

படி 3: முட்டையும் கத்திரிக்காயும்

முகத்துக்குப் போவதற்கு முன் அடுப்படிக்குப் போங்கள். ஒரு வெள்ளை முட்டை, ஒரு கரு ஊதா கத்திரிக்காய். இரவு டியூப்லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து, கொஞ்சம் மேலிருந்து அடியுங்கள். கரண்ட் போன நேரமாக இருந்தால் இன்னும் வசதி.

முட்டையில் எல்லாமே தெளிவாகத் தெரியும். டார்ச்சை நேராகப் பார்க்கும் இடம் வெளிச்சம். அது வளைந்து விலகும் இடத்தில் இடைநிழல். வெளிச்சம் எட்டாமல் போகும் கோட்டைத் தாண்டியதும் ஒரு இருண்ட பட்டை, அதுதான் மையநிழல். அதற்கும் அப்பால், மேசையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முட்டையின் அடிவயிற்றை லேசாகத் தூக்கிக் காட்டும். மேசைமேல் விழுந்த நிழல் தனி. முட்டையும் மேசையும் ஒட்டும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு. படத்திலேயே ரொம்ப இருட்டு அதுதான். முட்டைக்குக் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கவரை வைத்துப் பாருங்கள், அடிவயிறு சிவக்கும். ஆனால் நிழல் நிழலாகவே இருக்கும்.

கத்திரிக்காய் கதை வேறு. அதில் இடைநிழலே சரியாகத் தெரியாது. பெரும்பகுதி இருட்டு, நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் தீற்று. அந்தத் தீற்றின் வளைவை வைத்துத்தான் அது உருண்டையா நீளமா என்று கண்டுபிடிக்கிறோம். முட்டை தன் உருவத்தைச் சரிவில் சொல்கிறது, கத்திரிக்காய் பளபளப்பில் சொல்கிறது. இரண்டையும் ஐந்தே சாம்பலில், கெட்டி ஓரமுள்ள வட்டப் பிரஷ்ஷில், ஒபாசிட்டி 100இல் (அடியில் இருப்பது ஊடே தெரியாதபடி), தேய்க்காமல் வரையுங்கள். மூன்று நாளைக்குத் தினம் ஒரு முறை. பிறகு படி 5இல் இந்தக் கத்திரிக்காய் திரும்ப வரும்.

படி 4: நம் தெருவின் வெளிச்சம்

யூடியூப் பாடங்களில் பெரும்பாலும் ஒரு பெரிய ஜன்னல், ஒரு வெள்ளைத் திரை, அதன் முன்னால் ஒரு மாடல். ராயபுரத்தில் எட்டடிச் சந்தில் இருப்பவருக்கு அந்த ஜன்னல் எங்கே? கவலை வேண்டாம், நமக்கு வேறு வெளிச்சங்கள் இருக்கின்றன.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஆறரை, ஏழு மணி. கிழக்கே கடல், எதிரில் மறைப்பு கிடையாது, சூரியன் தாழ்வாகப் பக்கவாட்டில் அடிக்கும். முகம் நறுக்கென்று இரண்டாகப் பிரியும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வெளிச்சம் இல்லை, ஏனென்றால் எல்லைக்கோடு எங்கே என்று யோசிக்கவே வேண்டாம்.

நண்பகல் வெயில் தலைக்கு மேல். கண்குழி இரண்டும் இருட்டாகும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், புருவமேடும் கன்னமேடும் கீழுதடும் மட்டும் எரியும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஒவ்வொரு நாள் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும்; நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அந்த நாட்களில் மதியம் எடுத்த முகப்படம் மண்டை ஓடு மாதிரி இருக்கும். பயிற்சிக்கு வேண்டாம்.

சந்துக்குள் வேறு மாதிரி. மேலே ஒரு கீற்று வானம், எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவர் பச்சை டிஸ்டெம்பராக இருந்தால் தாடையின் அடியில் பச்சை ஏறும். மிருதுவான வெளிச்சம், மெதுவான சரிவு. கிழவர்கள் முகத்துக்கு நன்றாக இருக்கும்.

டியூப்லைட்டும் போன் ஃபிளாஷும் மோசம். ஃபிளாஷ் நேரே முகத்தில் அடித்தால் நிழல் எல்லாம் தலைக்குப் பின்னால் போய்விடும். நான் பார்த்து வரைந்த வாக்காளர் அட்டைப் படம் அப்படிப்பட்டதுதான். அதில் நிழல் இல்லை, நானும் போடவில்லை, ஆயா சப்பையாகிவிட்டார். இந்த மாதிரிப் படம் மட்டுமே கிடைத்தால், அதிலிருந்து மூக்கு, கண், வாய் அளவுகளை மட்டும் எடுங்கள். வெளிச்சத்தை அதே வயதுள்ள வேறு ஒருவரை உட்காரவைத்துப் பார்த்து எடுங்கள்.

நீங்களே போட்டோ எடுப்பதானால் அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். எச்.டி.ஆர். என்ற வசதி நிழலைத் தானாகவே வெளுக்கவைக்கும், அதையும்.

அப்புறம், கண்ணைச் சுருக்குங்கள். இது பழைய வித்தை. இமையை முக்கால்வாசி மூடினால் புருவமுடி, சுருக்கம், மரு எல்லாம் மறைந்து இரண்டு மூன்று பெரிய திட்டுகள்தான் மிஞ்சும். அந்தத் திட்டுகளைத்தான் வரையப்போகிறீர்கள். எந்த இரண்டு இடங்கள் சுருக்கிய கண்ணுக்கு ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றனவோ, அவற்றைப் படத்திலும் சேர்த்தே வையுங்கள்.

படி 5: முகத்தைக் கட்டுவது

வெள்ளைக் கேன்வாஸில் தொடங்காதீர்கள். 115 சாம்பலை முழுக்க ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள். காரணம், கண் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுத்தவர்களுக்கு இது தெரியும்: கடைக்காரர் வெள்ளை விரிப்பில் பிரித்துப் போடும்போது அடர்த்தியாகத் தெரிந்த புடவை, வீட்டில் வேறு துணிகளோடு வைத்தால் வெளிறித் தெரியும். பாரிஸில் ஒரு நெசவுக்கூடத்தின் சாயப்பட்டறையைக் கவனித்துவந்த செவ்ரோல் என்ற வேதியியலாளரிடம் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். 1995இல் எட்வர்ட் அடெல்சன் வரைந்த சதுரங்கப் பலகைப் படம் இன்னும் வேடிக்கை. நிழலில் இருக்கும் 'வெள்ளைக்' கட்டமும் வெளியே இருக்கும் 'கறுப்புக்' கட்டமும் ஒரே சாம்பல். நிறம் எடுக்கும் கருவியை வைத்துச் சரிபார்த்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது.

வெள்ளைப் பின்னணியில் எந்தத் தோலும் ரொம்பக் கறுப்பாகத் தெரியும். பயந்துபோய் வெளுக்கவைப்பீர்கள். பிறகு பின்னணி போடும்போது முகம் பேயடித்தது போல் நிற்கும்.

சரி, சாம்பல் ஊற்றியாகிவிட்டது. இப்போது இரண்டே வேல்யூ: வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று. நம் பக்கம் சுவர்களில் ஸ்டென்சில் வைத்து அடித்த அம்பேத்கர் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெயிண்ட். கண்ணாடி, நெற்றி, தலைமுடியின் எல்லை, கன்னத்தின் நிழல், அவ்வளவுதான். தெருமுனையிலிருந்து பார்த்தாலே ஆள் தெரிந்துவிடுகிறார். உங்கள் படமும் இரண்டு வேல்யூவில் ஆளைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் இருநூறு வேல்யூ போட்டாலும் காட்டாது. இந்தக் கட்டத்தில் அரைமணி நேரம் செலவழித்தாலும் தப்பில்லை. நான் இப்போதெல்லாம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதிலேயே போடுகிறேன்.

பிறகு மற்ற மூன்று சாம்பல்களையும் சேர்க்கலாம். எங்கே எது என்று தெரியாதபோது, அந்த இடம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள். மேலிருந்து வெளிச்சம் வந்தால் மேலுதடு கீழே பார்க்கும், அதனால் இருட்டு. கீழுதடு மேலே பார்க்கும், வெளிச்சம். மூக்கின் அடிப்பக்கம் இருட்டு. நெற்றியின் பக்கவாட்டில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, முகம் திரும்புகிறது, அங்கே ஒரு படி இறங்கும். கண்விழி ஒரு உருண்டை; அதன் வெள்ளை வெள்ளையே இல்லை, இமையின் நிழலில் கிடக்கும் சாம்பல். பல்லும் அப்படித்தான். இந்த இரண்டையும் வெள்ளையடித்துவிட்டுத்தான் பலர் படத்தை பொம்மையாக்குகிறார்கள்.

இனி கத்திரிக்காய்க்கு வருவோம்.

நம் ஊரில் 'கலரா இருப்பாங்க' என்றால் வெளுப்பாக இருப்பார்கள் என்று அர்த்தம். கறுப்பு ஒரு கலரே இல்லை போலிருக்கிறது. ஃபிளெக்ஸ் கடையில் தினமும் கேட்கும் வாசகம், "முகத்தைக் கொஞ்சம் கலரா போடுப்பா". நானும் அந்த ஆயாவைக் கேட்காமலேயே கலராகப் போட்டிருந்தேன். வெயிலில் நாற்பது வருடம் மீன்கூடை சுமந்தவர் அவர்.

கறுத்த தோலை வரைவதில் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, நான் செய்தது: எல்லாவற்றையும் தூக்கி நடுச்சாம்பலுக்குக் கொண்டுபோவது. இரண்டாவது, வெளுத்த தோலை வரைந்துவிட்டு மேலே கறுப்பைப் பூசுவது. முகம் கரி அப்பியது போலாகும். இரண்டிலும் விட்டுப்போவது கத்திரிக்காயின் பாடம்தான். தோலுக்குள் புகுந்து சிதறி வெளியே வரும் வெளிச்சத்தைத்தான் மெலனின் குடித்துவிடுகிறது. தோலின் மேல்பரப்பில், எண்ணெயிலும் வியர்வையிலும் பட்டு அப்படியே திரும்பும் வெளிச்சம் கறுத்தவர், சிவந்தவர் பார்ப்பதில்லை. ஆகவே கறுத்த முகத்தில் அடிச்சாம்பல் இறங்கும். ஹைலைட், அதாவது அந்தப் பளிச்சென்ற தீற்று, ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிது. முகத்தின் வடிவத்தை அந்த ஹைலைட்டுகள்தான் சொல்கின்றன: நெற்றியின் மேடு, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதடு.

அந்த ஆயாவை இரண்டாம் முறை வரைந்தபோது என் ஐந்து சாம்பலை 20, 40, 65, 100, 180 என்று மாற்றிக்கொண்டேன். 180ஐ மிகக் கொஞ்சமாக, சின்னச் சின்னத் தீற்றாக மட்டும். முகம் எழுந்து வந்தது.

அப்படியானால் 'கலரா போடு' என்பவரிடம் என்ன சொல்வது? சண்டை போடவேண்டியதில்லை. ஒருவர் கறுப்பா சிவப்பா என்பதை நாம் தோலின் வேல்யூவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை; முடி, புருவம், கண்ணின் வெள்ளை இவற்றோடு தோல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான். தோலை மட்டும் தூக்கினால் ஆள் மாறிவிடுவார். முடி, துணி, பின்னணி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கினால், அதாவது வெளிச்சத்தைக் கூட்டினால், ஆள் அப்படியே இருப்பார், படம் பளிச்சென்று இருக்கும். கேட்டவர் பெரும்பாலும் கேட்பது இந்தப் பளிச்சைத்தான். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸ் கருவியில் வலது முனையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் வேலை முடிந்தது.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் சேறாக விழுந்தால் யாருக்குக் கவலை?

கறுத்த பரப்பைப் பார்த்துப் பழக ஓர் இடம் சொல்கிறேன். மெரினாவில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். அவர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகையும் முகத்தையும் அதிகாலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பாருங்கள். அதே கறுப்பு உலோகம். ஆனால் ஹைலைட் இடம் மாறியதும் தசையே வேறாகத் தெரியும். மழை நாளில் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம். சோழர் காலத்து முகங்கள், உள்ளே நிதானமான வெளிச்சம். நோட்டில் பென்சிலால் இரண்டு வேல்யூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு திரும்பும் இடத்திலும், மூக்கு மேலுதட்டில் போடும் நிழலிலும் ஓரம் கூர்மை. கன்னம் போல் சதை உருளும் இடத்தில் ஓரம் கரையும். எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பவர்கள் படம் மெழுகு மாதிரி இருக்கும். தேய்க்கும் பிரஷ்ஷைக் கடைசி அரைமணி வரை தொடாதீர்கள்.

படி 6: சோதனை லேயர்

லேயர் என்பது படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. எல்லா லேயருக்கும் மேலே ஒரு புதிய லேயர். முழுக்கக் கறுப்பு ஊற்றுங்கள். அதன் பிளெண்டிங் முறையை (கீழே இருப்பதோடு கலக்கும் விதத்தை) 'கலர்' என்று மாற்றுங்கள். கீழே இருக்கும் படம் முழுக்கச் சாம்பலாகத் தெரியும். அந்த லேயரின் கண் அடையாளத்தைத் தட்டி மறைத்தால் நிறம் திரும்பும். வரையும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

கிரிட்டாவில் நிறம் நீக்கும் ஃபில்டரைப் பயன்படுத்தினால், அதில் லைட்னஸ், லூமினாசிட்டி, ஆவரேஜ் என்று பல வழிகள் கேட்கும். லூமினாசிட்டியை எடுங்கள். லைட்னஸ் எடுத்தால் மஞ்சளும் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். படி 1இல் சொன்ன அதே பொறி.

இன்னும் இரண்டு பழக்கங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், கிரிட்டாவில் எம் என்ற விசை. அப்புறம், அஞ்சல் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று தெரிந்தால் படம் பிழைத்துவிட்டது.

படி 7: நிறம்

சாம்பல் முகத்தின் மேல் 'கலர்' முறையில் ஒரு லேயர் போட்டுத் தோல் நிறத்தைப் பூசலாம். ஆனால் அது அடித்தளம் மட்டும். அதோடு நிறுத்தினால் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் அடித்தது மாதிரிதான் இருக்கும். அதற்கு மேல் சாதாரண லேயர் ஒன்றைப் போட்டு, படத்திலிருந்தே நிறத்தை எடுத்து எடுத்துத் திரும்ப வரையுங்கள். நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் எல்லையில் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தோலுக்குள் புகுந்த வெளிச்சம் இரத்தத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டு அங்கேதான் எட்டிப் பார்க்கும். வெயில் நேராகப் படாத திறந்தவெளியில் ஹைலைட்டில் வானத்தின் நீலம் இருக்கும், கறுத்த தோலில் அது நன்றாகவே தெரியும். நிறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், சோதனை லேயரைத் தட்டும்போது சாம்பல் மாறாமல் இருந்தால் போதும். வேல்யூ சரியாக இருந்தால் பச்சை முகம்கூட முகமாகத்தான் தெரியும்.

படி 8: அச்சுக்குப் போனால்

திரை தானாக ஒளிர்கிறது, ஃபிளெக்ஸ் துணி ஒளிராது. திரையில் 20க்கும் 40க்கும் தெரியும் வித்தியாசம் மையில் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். அச்சுக்குத் தனிப் பிரதி எடுத்து, அதில் நிழல் பக்கத்தை மட்டும் ஒரு படி மேலே தூக்குங்கள். 35க்குக் கீழே முகத்தில் எதையும் வைக்காதீர்கள். பேனர் அடிப்பதற்கு முன், கண், மூக்கு வரும் பகுதியை மட்டும் ஓர் அடிக்கு ஓர் அடி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீதித் துணியின் ஓரத்திலேயே அடித்துவிடலாம். பழகிய கடையாக இருந்தால் காசு கேட்க மாட்டார்கள். அதைத் தெருவில் எடுத்துவந்து பார்க்க வேண்டும், கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டக் கூடாது. பேனர் தொங்கப்போவது தெருவில்தானே.

முதல் மாதம்

முதல் இரண்டு வாரம் நிறத்தைத் தொடவே வேண்டாம். முட்டை, கத்திரிக்காய், பிறகு கண்ணாடியில் உங்கள் முகம். மூன்றாவது வாரம் வீட்டில் ஒருவரை வாசற்படியில் உட்காரவைத்து வரையுங்கள். அம்மா பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார். நல்லதுதான், இரண்டு வேல்யூவுக்கு அந்த நேரம் போதும்.

நான்காவது வாரம் காசிமேட்டுக்குப் போங்கள். ஏலம் நடக்கும் நேரம் குறுக்கே நிற்காதீர்கள், அன்றைய வியாபாரம் உங்களால் கெட்டால் பேச்சு கேட்பீர்கள். ஏலம் முடிந்து, கூடைகளைக் கழுவி, டீ குடிக்க உட்காருவார்கள். அப்போது சூரியன் தோள் உயரத்தில் இருக்கும். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். கடலைப் பார்த்து உட்காரச் சொல்லாதீர்கள், வெயில் நேரே அடித்து முகம் சப்பையாகும். கடல் அவருடைய இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும். வரைந்த பிறகு அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். "என்னடா இவ்ளோ கறுப்பா போட்டுக்கற" என்பார். போனை வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார். பக்கத்தில் இருப்பவர் யோசிக்காமல் பெயரைச் சொன்னால், வேல்யூ சரி.